எந்த லேசர் என்று நோயாளிக்குச் சொல்ல வேண்டாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேளச்சேரியிலிருந்து அண்ணாநகர் வரை சென்னையின் எந்தப் பெரிய சாலையில் போனாலும் 'வலியில்லா லேசர் பல் சிகிச்சை' என்ற பலகை இன்று கண்ணில் படுகிறது. தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பிலும் அத்தகைய விளம்பரங்கள் வருகின்றன. எந்த வகை லேசர், பல்லின் எந்தப் பகுதிக்கு, என்ன நோக்கத்திற்கு என்ற விவரத்தை அவற்றில் ஒன்றில்கூட நான் கண்டதில்லை. மேல்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவள் என்ற முறையிலும், என் தங்கை மகள் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தவள் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

அவள் தருமபுரி மாவட்டத்தில் வளர்ந்தவள். அந்த வட்டாரத்தில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பதும், நிலைத்த பற்கள் உருவாகும் வயதில் அந்த நீரைக் குடித்த பிள்ளைகளுக்குப் பற்களில் பழுப்புக் கறை படிந்துவிடுகிறது என்பதும் தமிழ்நாட்டில் பலரும் அறிந்ததே. தை மாதம் திருமணம் நிச்சயமானதும், நகரின் ஒரு தனியார் மருத்துவமனையில் 'லேசர் வெண்மை' செய்துகொண்டாள். பற்களின் மீது ஏதோ ஒரு களிம்பைத் தடவி, அதன்மேல் ஒளியைப் பாய்ச்சினார்கள். அதன்பிறகு இரண்டு வாரம் அவளால் ஒரு மடக்குத் தண்ணீரைக்கூடக் கூச்சமில்லாமல் குடிக்க முடியவில்லை. பிறகு வேறொரு மருத்துவரிடம் காட்டியபோது, முன்பல் ஒன்றில் ஏற்கெனவே சிறு சொத்தை இருந்ததையும், முதலில் அதை அடைத்திருக்க வேண்டும் என்பதையும் அவர் பொறுமையாக விளக்கினார். பல்லை வெளுக்கச் செய்வது களிம்பிலுள்ள ஹைட்ரஜன் பெராக்சைடுதான், ஒளியின் பங்கு அதில் மிகச் சிறியது என்பதையும் அவர் சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம். பல்லின் கடினமான வெளிப்படலமான எனாமல், ஃபுளோரைடு பாதித்திருந்தால், மேற்பரப்புக்குக் கீழே நுண்துளைகள் நிறைந்ததாக இருக்கும். பல்லை அத்தனை கவனமாகப் பார்க்க வேண்டிய ஒரு பெண்ணுக்கு, பார்க்காமலேயே சிகிச்சை நடந்துவிட்டது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எனாமல், அதாவது பற்சிப்பி, நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு ஹைட்ராக்ஸிஅபடைட் என்னும் கால்சியம் பாஸ்பேட் கனிமம். எஞ்சியது நீரும் சிறிதளவு புரதமும். அதை உருவாக்கும் உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுவதால், இழந்த எனாமலை உடல் மறுபடி வளர்த்துத் தருவதில்லை. எலும்பு முறிந்தால் கூடிவிடும், தோல் கிழிந்தால் ஆறிவிடும். எனாமலுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதன் மீது எதைப் பாய்ச்சினாலும் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

லேசர் என்பது ஒரே கருவியின் பெயரன்று. ஒவ்வொரு லேசரின் ஒளிக்கும் ஓர் அலைநீளம் உண்டு. அந்த அலைநீளத்தை எந்தப் பொருள் உறிஞ்சுகிறதோ அந்தப் பொருளில்தான் அதன் விளைவு. 2940 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட எர்பியம் யாக் லேசரின் ஒளியை நீர் மிக வலுவாக உறிஞ்சுகிறது. எனாமலுக்குள் இருக்கும் அந்தச் சிறிதளவு நீர் கணப்பொழுதில் ஆவியாகி விரிய, கனிமம் நுண்துகள்களாகப் பெயர்ந்து வருகிறது. சொத்தையை அகற்ற இது உண்மையாகவே பயன்படும் முறை. பற்களில் பயன்படுத்த அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1997இல் இதற்கு ஒப்புதல் வழங்கியது. ஈறு அறுவைக்குப் பயன்படும் டயோடு லேசரின் 810 முதல் 980 நானோமீட்டர் வரையிலான ஒளியோ, எனாமலில் பெரிதாக உறிஞ்சப்படாமல் ஊடுருவிச் சென்று, நரம்பும் இரத்தக் குழாய்களும் அடங்கிய உள்ளிருக்கும் பற்கூழைச் சூடேற்றக்கூடியது. பலகையில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்.

வெப்பமே இங்கு முதன்மையான கவலை. 1960இல் முதல் ரூபி லேசர் இயங்கிய சில ஆண்டுகளிலேயே அதைப் பற்களில் சோதித்த ஆய்வாளர்கள், எனாமல் உருகியதையும் உள்ளே வெப்பம் மிகுந்ததையும் கண்டார்கள். 1965இல் குரங்குகளின் பற்களில் நடத்திய ஆய்வொன்றில், பற்கூழின் வெப்பநிலை 5.5 டிகிரி செல்சியஸ் உயர்ந்தபோதே சுமார் 15 விழுக்காட்டுப் பற்களில் அது மீளாமல் போயிற்று. எர்பியம் லேசரோடு நீர்த்தூவல் கட்டாயம் என்பது இதனால்தான். நீர் இல்லாமல் பாய்ச்சினால் எனாமல் கருகவும் நுண்விரிசல் விடவும் கூடும். லேசர் பட்ட பரப்பு கரடுமுரடாக இருப்பதால் அடைப்பு தானாகவே நன்றாகப் பிடிக்கும் என்று சிலர் கூறுவதையும் கேட்டிருக்கிறேன். பாஸ்பாரிக் அமிலத்தால் அரித்துத் தயார் செய்யும் வழக்கமான படியை அதனால் விட்டுவிட முடியாது என்பதே பல ஆய்வுகள் காட்டுவது.

நன்மையைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. அளவான வெப்பம் எனாமலிலுள்ள கார்பனேட்டை வெளியேற்றி, அமிலத்தில் அது எளிதாகக் கரைவதைக் குறைக்கிறது. வாயில் அமிலத்தன்மை மிகுந்து, அதைக் காட்டும் பிஎச் அளவு சுமார் 5.5க்குக் கீழே இறங்கும்போதுதான் எனாமல் கரையத் தொடங்குகிறது. கார்பனேட் குறைந்த எனாமல் இன்னும் சற்றுத் தாக்குப்பிடிக்கும். ஃபுளோரைடு பூச்சோடு சேர்த்து லேசரைச் சொத்தைத் தடுப்புக்குப் பயன்படுத்துவது பற்றி உலகெங்கும் ஆய்வு நடக்கிறது. ஒரு வேதியியல் ஆசிரியைக்கு இதைவிட மகிழ்ச்சி தரும் செய்தி வேறில்லை. ஆனால் காப்பதும் கெடுப்பதும் அலைநீளம், ஆற்றல், நேரம், நீர் ஆகியவற்றின் அளவைப் பொறுத்தவை. அவற்றைப் பற்றிக் கேட்க நோயாளிக்கு ஒரு சொல்கூடத் தெரியாத நிலையில் நாம் இருக்கிறோம்.

எனவே, பல்லில் லேசர் பயன்படுத்துவதற்கு முன் எந்த லேசர், எதற்காக, நீர்த்தூவல் உண்டா, வேறு வழி என்ன, கட்டணம் எவ்வளவு என்பதை ஒரே பக்கத்தில் எளிய தமிழில் எழுதித் தந்த பிறகே நோயாளியிடம் கையொப்பம் பெற வேண்டும் என்று தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் அறிவுறுத்த வேண்டும். அரசு பல் மருத்துவக் கல்லூரியின் புறநோயாளிப் பிரிவில் இதே செய்தியை ஒரு பலகையாக வைத்தால், வெளியூர்களிலிருந்து வருவோரும் படிப்பார்கள். பல் சிகிச்சை விளம்பரங்களை ஏற்கும்போது லேசரின் வகையையும் குறிப்பிடும்படி தங்கள் விளம்பரப் பிரிவு கேட்க வேண்டும் என்பது தங்களிடம் நான் வைக்கும் தனி வேண்டுகோள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
நங்கநல்லூர், சென்னை – 61.