நாக்கில் வெள்ளை, கார்டில் கோடு: லேப், மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கம் லேப்பும் மருந்துக்கடையும் நடத்தும் அன்பர்களுக்கு வணக்கம்.

நாக்கில் வெள்ளை படிந்திருக்கிறது என்று ஒருவர் வந்து நின்றால், குரலைத் தாழ்த்தி “எதுக்கும் எச்.ஐ.வி. பாத்துருங்க” என்று சொல்லும் வழக்கத்தை விடுங்கள். முதலில் வாயைப் பாருங்கள். ஈரத் துணியால் துடைத்தால் தயிர்த் திப்பி போல வழன்று, அடியில் சிவந்து தெரிந்தால் பெரும்பாலும் அது கேண்டிடா பூஞ்சை. துடைத்தும் போகாத வெள்ளை வேறு சங்கதி. வெற்றிலை, புகையிலை போடுகிறவர் என்றால் இரண்டு வாரம் தாண்டவிடாமல் பல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

பூஞ்சைதான் என்றால், சர்க்கரை எவ்வளவு? ஸ்டீராய்டு பம்ப் இழுத்தபின் வாய் கொப்பளிக்கிறாரா? ஆன்டிபயாடிக் சாப்பிட்டாரா? பல்செட்டோடு தூங்குகிறாரா? பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சிமார் பலருக்கு இந்தக் கடைசிக் கேள்வியிலேயே விடை கிடைத்துவிடும். பல்செட்டைத் தேய்த்துக் கழுவி இரவில் ஊறப்போடாதவரை, எந்த மருந்து தடவினாலும் திரும்ப வரும். பூஞ்சை மருந்தான நிஸ்டாட்டினையும் வாய் கொப்பளிக்கும் குளோர்ஹெக்சிடினையும் சேர்த்துக் கொடுத்தால் ஒன்று மற்றதைக் கெடுக்கும். அரை மணி நேரமாவது இடைவெளி சொல்லிக் கொடுங்கள்.

இப்படி ஒரு காரணமும் இல்லை, அல்லது விழுங்கவே வலிக்கிறது என்றால் டாக்டரிடம் அனுப்புங்கள், எச்.ஐ.வி. பரிசோதனையும் தேவைதான், அதைக் கிசுகிசுக்க வேண்டியதில்லை. பூஞ்சையால் ரிசல்ட் தப்பாகாது. எச்.ஐ.வி.யால் பூஞ்சை வருவது பெரும்பாலும் சி.டி.4 என்ற எதிர்ப்புச் சக்தி அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 200-க்குக் கீழே இறங்கும்போது. அதற்குப் பல ஆண்டு பிடிக்கும்; அதற்குள் ரத்தத்தில் எதிர்ப்பொருள் நிறைந்திருக்கும், டெஸ்ட் அதைத் தவறவிடுவது அபூர்வம். நரம்பில் ரத்தம் எடுத்துச் செய்யும் நான்காம் தலைமுறை எலிசா (எதிர்ப்பொருளோடு கிருமியின் புரதத்தையும் தேடும் டெஸ்ட்) தொற்று நேர்ந்திருக்கக்கூடிய நாளிலிருந்து 45 நாளுக்குப் பிறகும், விரல்நுனியில் குத்திப் பார்க்கும் கார்டு 90 நாளுக்குப் பிறகும் நெகட்டிவ் என்றால் அது நெகட்டிவ்தான். பயந்தவரிடம் மாதாமாதம் காசு வாங்காதீர்கள்.

தப்பு நடப்பது பெரும்பாலும் மேசையில். பல கார்டு கிட்டுகளை 30 டிகிரிக்கு மேல் வைக்கக்கூடாது. கத்திரி வெயிலில் தகரக் கூரை அறை என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வேறு பெட்டி பஃபரை (ரத்தத்தோடு கார்டில் விடும் திரவத்தை) ஊற்றுவது, குறித்த நேரம் கடந்து கார்டைப் படிப்பது இரண்டும் பொய்க்கோடு காட்டும். கார்டு வேலை செய்ததைக் காட்டும் கன்ட்ரோல் கோடு வராத கார்டு செல்லாது.

சரியாகச் செய்தாலும் கணக்கைப் பாருங்கள். நூற்றுக்கு 99.5 சரியாகச் சொல்லும் கிட்டில் ஆயிரம் பேரைப் பார்க்கிறீர்கள், அதில் உண்மையில் இருவருக்குத்தான் தொற்று என்று வையுங்கள். மற்றவர்களிலும் ஐந்து பேருக்குக் கோடு விழும். ஏழு கோட்டில் ஐந்து பொய். ஆகவே ஒரே கார்டை நம்பி ‘பாசிட்டிவ்’ என்று அச்சடிக்காதீர்கள். ‘ரியாக்டிவ், உறுதிப்படுத்த வேண்டும்’ என்று எழுதி அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்துக்கு அனுப்புங்கள். அங்கே வெவ்வேறு வகை மூன்று கிட்டில் இலவசமாகப் பார்த்த பிறகே முடிவு சொல்வார்கள். சந்தேகத்துக்கு 1097 என்ற எச்.ஐ.வி. உதவி எண் இருக்கிறது.

2017 எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி ஒப்புதல் வாங்காமல் இந்த ரத்தத்தைப் பார்க்கவே கூடாது. ரிசல்ட்டையும் அவர் கையில்தான் கொடுக்க வேண்டும், கூட வந்த மச்சான் கையில் அல்ல.