படிவத்தில் அப்பா கையெழுத்துப் போட்டால் போதும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பாட்டி இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்கிறார். மதியம் அவர் தூங்கும் நேரத்தில் எழுதுகிறேன். அடுத்த வருஷம் நீ எடுக்கப்போகும் பாடங்களைப் பற்றிப் போனில் பேசினால் நாம் இரண்டு பேருமே கத்திவிடுகிறோம்.

ரன்னிங் ஸ்டார்ட்டில் சேரச் சொல்லி முதலில் உன்னை நச்சரித்தது நான்தான். வாஷிங்டன் மாநிலத்தில் 11, 12ஆம் வகுப்புப் பிள்ளைகள் டியூஷன் கட்டாமல் கல்லூரிப் பாடம் படிக்கலாம் என்றதும், எத்தனை ஃபீஸ் மிச்சம் என்று மனசு கூட்டிப் பார்த்துவிட்டது. சியாட்டிலில் இருக்கும் யூடபிள்யூ (வாஷிங்டன் பல்கலைக்கழகம்) மட்டும்தான் உன் குறி என்றால் இப்போதும் போ என்றே சொல்வேன். ஆனால் உன் பட்டியலில் எம்ஐடியும் இன்னும் சில தனியார் கல்லூரிகளும் இருக்கின்றன. பள்ளிப் படிப்பை முடிக்கக் கணக்கில் காட்டிய பாடத்துக்கு அந்த மாதிரி இடங்களில் பலவும் கிரெடிட் கொடுப்பதில்லை, அதாவது அதைக் கல்லூரிப் பாடமாகக் கணக்கில் எடுப்பதில்லை. நான் போட்ட கணக்கு அங்கேயே உதைக்கிறது.

அப்புறம் அந்தச் சிபாரிசுக் கடிதங்கள். எம்ஐடிக்குக் கணக்கு அல்லது அறிவியல் ஆசிரியர் ஒருவர், ஆங்கிலம், சரித்திரம் போன்ற பக்கத்திலிருந்து ஒருவர் எழுத வேண்டும். பத்துப் பதினோரு வாரத்தில் முடிகிற ஒரு குவார்ட்டரில், ரன்னிங் ஸ்டார்ட்டுக்கு நீ போகப்போகும் பெல்வியூ காலேஜ் பேராசிரியருக்கு உன்னை எவ்வளவு தெரிந்துவிடும்? உன் கட்டுரையை மூன்று தடவை திருப்பிக் கொடுத்த அந்த ஆங்கில டீச்சருக்குத் தெரியும். விடுமுறைக்கு முன்னால் அவரிடம் கேட்டுவிடு.

கணக்கு வேறு விஷயம். கால்குலஸ் பிசி இந்த வருஷத்தோடு முடிகிறது, அதற்கு மேல் உன் பள்ளியில் ஒன்றும் இல்லை. லீனியர் ஆல்ஜிப்ராவுக்கு மட்டும் பெல்வியூ போ. ஐந்து கிரெடிட் பாடம் ஒன்று, பள்ளிக் கணக்கில் ஒரு வருஷப் பாடத்துக்குச் சமம். புத்தகச் செலவு நம்முடையது, பரவாயில்லை.

மிச்ச நேரத்துக்கு ஆறு ஏபி (பள்ளியிலேயே நடத்தும் கல்லூரித் தரப் பாடங்கள்) என்கிறாயே, அது வேண்டாம். ஏபி பரீட்சை மே மாதம், கல்லூரிகளின் முடிவு மார்ச் கடைசியிலேயே வந்துவிடும். அவர்கள் பார்க்கப்போவது நீ எடுத்த பாடங்களையும் முதல் செமஸ்டர் கிரேடையும்தான். அந்த செமஸ்டரில் விண்ணப்பக் கட்டுரைகளே ஒரு தனிப் பாடம் மாதிரி உட்கார்ந்திருக்கும்.

நான் கல்லூரியில் சேர்ந்த காலத்தில் தமிழ்நாட்டில் எங்களுக்கு எல்லாமே ஒரு எண்தான். பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத்தேர்வுக்கு 100, ஆக 300க்கு எவ்வளவு கட்ஆஃப்? கவுன்சலிங்கில் என் முறை வந்ததும் மிச்சமிருந்த இடங்களில் ஒன்றைக் காட்டினேன், ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. நீ எப்படிப்பட்ட பெண் என்று அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை. உன்னிடம் அதையே 650 வார்த்தைக் கட்டுரையில் கேட்கிறார்கள். அதில் எனக்கு உதவத் தெரியாது, தொந்தரவு செய்யத்தான் தெரியும். அதனால் நீ கொடுத்தால் மட்டும் படிக்கிறேன்.

சரி, ரன்னிங் ஸ்டார்ட் படிவத்தைப் பள்ளி மூடுவதற்குள் கவுன்சலரிடம் கொடுத்துவிடு. பெற்றோர் கையெழுத்தை அப்பாவே போடலாம், எனக்காகக் காத்திருக்காதே. பெல்வியூவுக்கு நீ பஸ்ஸில் போய்க்கொள்ளட்டும் என்கிறார் அவர். டிசம்பரில் அங்கே நாலரைக்கே இருட்டிவிடும், மழை வேறு. காலை வகுப்பாகப் பார்த்து எடு.

அம்மா
மதுரை