எதை வெட்டக் கூடாது என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வைரஸ் நொதிகளைக் கணினி மூலம் திருத்தி, நமக்கு வேண்டிய புரதத்தை வெட்ட வைக்கும் ஆராய்ச்சி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நல்ல அறிமுகம். ஆனால் 'புதிய புரதத்தை வெட்டியது' என்றதும் வெற்றி என்று முடித்துவிட்டார் கட்டுரையாளர். வேறு எதையெல்லாம் வெட்டியது என்று கேட்க வேண்டாமா?

புரத ஆய்வுக்கூடங்களில் புழங்கும் 'டெவ்' நொதி, புகையிலைச் செடியைத் தாக்கும் ஒரு வைரஸிலிருந்து வந்தது. புரதத்தின் கட்டுமானத் துண்டுகளான அமினோ அமிலங்களில் 7, ஏறக்குறைய ஒரே வரிசையில் அமைந்தால்தான் வெட்டும். 20 வகை அமினோ அமிலங்களால் 7 இடங்களை நிரப்பினால் 128 கோடி வரிசைகள் வரும் என்பதை நினைத்தால் அது எவ்வளவு கறாரான நொதி என்பது புரியும். திருத்தும்போது தளர்ந்துவிடக்கூடியதும் இந்தக் கறார்தான்.

ஹெபடைடிஸ் சி வைரஸின் நொதியைப் பாருங்கள். வைரஸின் நீளமான புரதத்தைத் துண்டு போடுவதுதான் அதன் வேலை. ஆனால் வைரஸ் நுழைந்ததை நம் செல்லுக்குச் சொல்லும் எம்ஏவிஎஸ் என்ற மனிதப் புரதத்தையும் அது வெட்டி, எச்சரிக்கையை அமுக்கிவிடுகிறது. மருந்தாகக் கொடுக்கும் நொதி இப்படிக் கை நீட்டினால்? ஆன்டிபாடி எனும் நோய் எதிர்ப்புப் புரதத்தை மருந்தாகக் கொடுத்தால், அது தன் இலக்கைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். நொதியோ ஒன்றை வெட்டிவிட்டு அடுத்ததற்குப் போகும். கொஞ்சம் போதும் என்பது அதன் பலம். தப்பும் அதே வேகத்தில் பெருகும்.

இந்த ஹெபடைடிஸ் சி நொதியை வைத்து 2019இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகக் குழு செய்த வேலை எனக்குப் பிடித்தது. ஈஸ்ட் செல்களின் உதவியோடு சுமார் 30,000 வரிசைகளில் எவை வெட்டுப்படுகின்றன, எவை தப்புகின்றன என்று அளந்து, அதையும் புரத அமைப்புக் கணக்கீடுகளையும் கணினிக்குக் கற்றுக்கொடுத்து, 32 லட்சம் வரிசைகளுக்குக் கணிப்புச் சொன்னார்கள். தப்பியவற்றையும் கணக்கில் எடுத்ததுதான் அதன் அழகு.

அப்புறம், எல்லாம் கணினியின் கைவண்ணம் என்ற தொனியும் சரியில்லை. டெவ் நொதியை ஐஎல்-23 என்ற மனிதப் புரதத்தை வெட்டும்படி மாற்றியதாக 2017இல் டேவிட் லியூவின் ஹார்வர்டு குழு அறிவித்தது. அது, அந்த நொதியின் மரபணுவைச் சுமந்த, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களைச் சுமார் 2,500 தலைமுறை வளர்த்து, பரிணாமத்தின் வழியில் பெற்றது. நொதியின் அமினோ அமிலங்களில் 20 மாறியிருந்தன.

கட்டுரையின் தொடர்ச்சி வருவதாகப் போட்டிருக்கிறீர்கள். அதில், திருத்திய நொதி பழைய இலக்கை இன்னும் வெட்டுகிறதா, ரத்தத்தில் உள்ள மற்ற புரதங்களோடு கலந்து சோதித்தார்களா என்பதையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவை