ஓட்டில்லாத என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தவர்களுக்கு

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இருக்கும் இண்டை நாடாளுமன்றத் தொகுதி மக்களுக்கு, ரொம்ப நாளாக எழுத நினைத்த நன்றி இது.

2013 தொடக்கத்தில் நான் இந்தத் தொகுதியில் உள்ள வாங்கரட்டா ஊருக்குக் குடிவந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டம்மா கூப்பிட்டார் என்று போனால், அடுப்படி மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர், ஊருக்கு என்ன தேவை, நல்ல எம்.பி. என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று ஒவ்வொருவரையும் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் குடியுரிமை இல்லை, ஓட்டும் இல்லை என்றேன். இங்கேதானே இருக்கிறாய், சொல் என்றார்கள். ஊரைத் தாண்டினால் போனில் சிக்னல் போய்விடுகிறது, ராத்திரி வேலை முடிந்து தனியாக வண்டி ஓட்டிவரப் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார்கள். அந்த அம்மாவுக்குத்தான் முதல் நன்றி.

அப்புறம் கேத்தி மெக்கவன் அவர்களுக்கு. பதின்மூன்று பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்து, ஆசிரியையாக இருந்து, இண்டிகோ பள்ளத்தாக்கில் பண்ணை வைத்து, விவசாயப் பெண்களின் தேசிய அமைப்புக்குத் தலைவராகவும் இருந்தவர், அறுபதை நெருங்கும் வயதில், அந்த வருட நாடாளுமன்றத் தேர்தலில் எங்கள் தொகுதியில், கட்சி எதுவும் பின்னால் இல்லாமல் சுயேச்சையாக நின்றார்.

மெல்போர்னில் படிப்பும் வேலையுமாக இருந்தபடியே சொந்த ஊருக்காக ஓடியாடிய பிள்ளைகளுக்கும், ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவர்களுக்கும் நன்றி. நாடு முழுக்க லிபரல்–நேஷனல் கூட்டணி ஜெயித்த தேர்தல் அது. இங்கே வேட்பாளர்களை 1, 2, 3 என்று விருப்ப வரிசைப்படி எழுதித்தான் ஓட்டுப் போட வேண்டும். முதல் விருப்ப வாக்கில் கேத்தி பின்தங்கித்தான் இருந்தார். மற்ற வேட்பாளர்களின் வாக்குகள் அடுத்த விருப்பப்படி பிரிந்து வந்த பிறகுதான் முந்தினார், அதுவும் 439 ஓட்டில். எண்ணி முடிப்பதற்குள் பல நாள் ஆகிவிட்டது, எனக்குத் தூக்கமே இல்லை. நீங்கள் இன்னும் சில வீட்டுப் படி ஏறாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைப்பேன்.

கான்பரா நாடாளுமன்றத்துக்குப் போனபின் கேத்தி சிக்னல் பிரச்சினையையும் மெல்போர்ன் ரயில் பாதையையும் விடவே இல்லை. அடுப்படியில் நான் சொன்னது அத்தனை தூரம் போனது.

2016இல் என் வாழ்வின் முதல் ஆஸ்திரேலிய ஓட்டை அவருக்குப் போட்டேன், பக்கத்து வீட்டம்மாவோடு சேர்ந்து போய். 2019இல் அவர் தானாக விலகிக்கொண்டு, ஹெலன் ஹெய்ன்ஸ் என்ற இன்னொரு சுயேச்சைக்கு வழிவிட்டார், அவரும் ஜெயித்தார். அந்த வருடம் கூட்டம் என் வீட்டு மேசையில் நடந்தது. வந்த எல்லோருக்கும் நன்றி.