உலக முடிவின் விளிம்பில் ஒரு திசைக்கல் வேண்டும்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பண்டாரவளை.

பெறுநர்:
பணிப்பாளர் நாயகம்,
வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம்,
பத்தரமுல்ல.

ஊடாக: பூங்காப் பொறுப்பாளர், ஹோட்டன் சமவெளித் தேசிய பூங்கா.

மதிப்பிற்குரிய ஐயா,

விடயம்: உலக முடிவு (World's End) எனப்படும் செங்குத்துப் பாறை விளிம்பின் காட்சி முனையில், கீழே தெரியும் இடங்களின் பெயர்களை மூன்று மொழிகளிலும் பொறித்த திசைக்கல் ஒன்றை அமைத்துத் தருமாறு கோரல்.

ஹோட்டன் சமவெளிச் சுற்றுப்பாதையை இதுவரை பதினொரு தடவை நடந்திருக்கிறேன். ஒன்பது தடவை பாடசாலைப் பிள்ளைகளோடு, ஒரு தடவை மகளோடு, கடைசியாகப் போன பெப்ரவரியில் தனியாக. இது முறைப்பாட்டுக் கடிதம் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசலில் பைகளைத் திறந்து பார்த்து, தண்ணீர்ப் போத்தலின் லேபலைக்கூட உரித்தெடுக்கும் உங்கள் உத்தியோகத்தர்களைக் கண்டு என் பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள். புல் மேயும் மரை மான்களின் வயிற்றுக்குள் அந்தப் பொலித்தீன் போனால் என்ன ஆகும் என்று சொன்னதும் சிரிப்பு நின்றுவிடும். எந்தப் பாடப்புத்தகத்தாலும் அவ்வளவு சீக்கிரம் புரியவைக்க முடியாது.

என் கோரிக்கை சிறிய உலக முடிவு, பெரிய உலக முடிவு என்ற இரண்டு காட்சி முனைகளைப் பற்றியது. நடை தொடங்கும் ஃபார் இன்னிலிருந்து புல்வெளிக்குள் இறங்கியதும் பாதை பிரிகிறது. ஒன்று பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு, மற்றது சிறிய உலக முடிவுக்கு. விஷயம் தெரிந்தவர்கள் உலக முடிவுப் பக்கம்தான் முதலில் போவார்கள். காலை ஒன்பது, பத்து மணியாகிவிட்டால் பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். அதற்குப் பிறகு வருகிறவர்கள் ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

சிறிய உலக முடிவிலிருந்து பெரிய உலக முடிவுக்குப் போகும் துண்டுதான் அந்தச் சுற்றிலேயே எனக்குப் பிடித்த இடம். பலர் அதை இரண்டு படங்களுக்கு நடுவிலுள்ள தூரமாக நினைத்து அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். குட்டையான, முறுக்கேறிய மரங்கள். கிளையெல்லாம் பாசி. வேர்களே படிக்கட்டாகிக் கிடக்கும். காட்டுக்குள்தானே நடக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது மரங்களுக்கு இடையில் ஓரிடத்தில் ஆகாயம் தெரியும். தலைக்கு மேலே அல்ல, கால் மட்டத்துக்குக் கீழே. அப்போதுதான் விளிம்பை ஒட்டியே நடந்துகொண்டிருக்கிறோம் என்பது உறைக்கும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நெலுச் செடிகளை அங்கேதான் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். நம் குறிஞ்சிக்கு உறவுக்காரச் செடி என்றால் அவர்களுக்கு ஒரு சந்தோஷம்.

அப்புறம் காடு விலகி, ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்தாக இறங்கும் அந்தப் பாறை விளிம்பு.

சில வருடங்களுக்கு முன் அங்கே நடந்ததுதான் இந்த மனுவுக்குக் காரணம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருந்தேன். நல்ல தெளிவான காலை. ஒரு சிறுமி கீழே கையை நீட்டி, "டீச்சர், அந்தப் பச்சைக்கு நடுவுல சின்னச் சின்னக் கோடு மாதிரி தெரியுதே, அது என்ன?" என்று கேட்டாள். அவை லயங்கள், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். கேட்ட பிள்ளை பிறந்து வளர்ந்ததே ஒரு லயத்துக் காம்பராவில்தான். தன் வீட்டைப் போன்ற வீட்டை மேலே நின்று பார்த்தபோது அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற கொழும்புக் குடும்பம் ஒன்றும், இரண்டு வெளிநாட்டவர்களும் நான் அவளுக்குச் சொன்னதைக் கேட்டு, தாங்களும் குனிந்து தேடினார்கள். அவ்வளவு நேரமும் அவர்களுக்கு அது வெறும் பள்ளம்தான்.

என் கதையையும் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், பொறுத்தருளுங்கள். அந்தப் பாறைக்குக் கீழேயுள்ள தோட்டங்களில் ஒன்றில்தான் நானும் பிறந்தேன். காலையில் பிரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு) முடிந்து அம்மா மலைக்குப் போன பிறகு, நாங்கள் லயத்து வாசலில் உடைந்த கண்ணாடித் துண்டை வெயிலுக்குப் பிடித்து அந்த விளிம்பை நோக்கி மின்ன வைப்போம். மேலே யாராவது நின்றால் பார்ப்பார்கள் என்று. பார்த்தார்களோ என்னவோ. பெயர் உலக முடிவு. எங்கள் உலகம் அந்த முடிவுக்குக் கீழேதான் இருந்தது.

அந்தப் பாதையில் நடக்கிறவர் படிக்கும் பெயர்களை எண்ணிப் பாருங்கள். மஹ எலிய என்று மக்கள் அழைத்த இடத்துக்கு 1834இல் ஆளுநர் ஹோட்டனின் பெயரை வைத்தார்கள். நீர்வீழ்ச்சிக்கு சாமுவேல் பேக்கரின் பெயர். இந்த மலைகளில் நாய்களை விட்டு மரைகளை விரட்டி வேட்டையாடியவர் அவர். புறப்படும் இடத்துக்கு ஃபார் என்ற தோட்டத்துரையின் பெயர். இவற்றை மாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. பழகிப்போன பெயர்கள், வரலாறும் அதுதான். ஆனால் விளிம்பில் நின்று பார்க்கும் இடத்துக்கும் ஒரு பெயர் இருக்கிறது. நொன்பரேல் தோட்டம் இருக்கிறது, பெலிஹுல் ஓயாப் பள்ளத்தாக்கு இருக்கிறது, இன்னும் தூரத்தில் சமனலவெவ நீர்த்தேக்கம் மின்னுகிறது. மிகத் தெளிவான நாளில் 80 கிலோமீற்றருக்கு அப்பால் தென்கடல்கூடத் தெரியும். இவற்றைச் சுட்டிக்காட்டும் கல்லோ பலகையோ கடைசியாகப் போனபோது என் கண்ணில் படவில்லை.

எனவே, உலக முடிவில் தாழ்வான கருங்கல் மேடை ஒன்று அமைத்து, அதன் மேல்முகத்தில் திசைக் கோடுகளையும் இடப்பெயர்களையும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் பொறித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரை சிங்களத்தையும் தமிழையும் அரச கரும மொழிகளாகவும் ஆங்கிலத்தை இணைப்பு மொழியாகவும் சொல்கிறது. அதற்கு மேல் நான் வாதிடத் தேவையில்லை. பெரிய பலகை வேண்டாம். இடுப்பளவுக்கு மேல் எழும்பினால் காட்சியை மறைக்கும், காற்றும் பிடுங்கிவிடும். பிளாஸ்டிக் அச்சுப் பதாகை அந்த ஈரத்துக்கு ஒரு வருடம் தாங்காது. ஜனவரியில் புல்லெல்லாம் உறைபனி படியும் இடம் அது. கல்தான் சரி.

அந்தக் கல்லை விளிம்பில் வைக்காமல் பத்தடி பின்னால் வைக்க வேண்டும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். 2015இல் ஒரு நெதர்லாந்து நாட்டவர் படம் எடுப்பதற்காகப் பின்னால் நகர்ந்து, விளிம்பிலிருந்து விழுந்து, கீழே ஒரு மரத்தில் சிக்கி உயிர் தப்பினார். இராணுவத்தினர்தான் இறங்கி மீட்டார்கள். விளிம்பு நெடுக உயரமான கம்பிவேலி போட்டுவிட்டால் அந்த இடமே சிறைச்சாலை முற்றம்போல ஆகிவிடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் மனிதர்கள் எதையாவது வாசிக்க வேண்டியிருந்தால் வாசிக்கிற இடத்தில் நிற்பார்கள். நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்த்த அனுபவத்தில் இதைச் சொல்கிறேன். பின்னால் ஒரு கல் இருந்தால் எல்லோரும் அதைச் சுற்றித்தான் கூடுவார்கள்.

கல்லில் என்ன எழுதலாம் என்று தமிழில் ஒரு வரைவு எழுதிப் பார்த்தேன். உங்கள் நிபுணர்கள் திருத்திக்கொள்ளலாம்:

"கீழே தெரிவது நொன்பரேல் தேயிலைத் தோட்டம். வரிசையாகத் தெரிபவை தொழிலாளர் குடும்பங்கள் வாழும் லயங்கள். இவர்களின் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்து, முதலில் கோப்பியும் பின்னர் தேயிலையும் பயிரிட்டவர்கள். தூரத்தில் தெரிவது சமனலவெவ. இந்தப் பாதையின் மறுபக்கத்தில் நீங்கள் காணவிருக்கும் பேக்கர் நீர்வீழ்ச்சியின் நீர், பெலிஹுல் ஓயாவாக இறங்கி அங்கேதான் போய்ச் சேர்கிறது."

கடைசி வரி எனக்கு மிகவும் பிடித்தது. நீர்வீழ்ச்சியில் கையை நனைக்கும் பிள்ளைக்கு, சற்று முன் மேலிருந்து பார்த்த நீர்த்தேக்கத்துக்குத்தான் இந்தத் தண்ணீர் போகிறது என்று தெரிந்தால், முழுச் சுற்றும் ஒரே பாடமாகிவிடும். இந்தச் சமவெளியிலிருந்து மகாவலிக்கும் களனிக்கும்கூட நீர் போகிறது என்று தனியாகச் சொன்னால் மறந்துவிடுவார்கள். இப்படிச் சொன்னால் மறக்கமாட்டார்கள்.

சிறிய உலக முடிவிலும் இதேபோல ஒன்று, இன்னும் சிறியதாக வைக்கலாம். செலவு இடங்கொடுக்காவிட்டால் பெரியதில் மட்டும் போதும்.

இன்னொன்றையும் இங்கேயே கேட்டுவிடுகிறேன். இரு முனைகளுக்கும் இடையிலான அந்தக் காட்டுத் துண்டில், வயதானவர்கள் உட்கார ஓரிரு மரக்குற்றிகளாவது போட்டுத் தந்தால் நல்லது. முழுச் சுற்றும் ஒன்பது கிலோமீற்றருக்கு மேல். போன முறை நான் ஒரு வேரின் மேல் உட்கார்ந்தேன், எழும்ப இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் கைகொடுக்க வேண்டியிருந்தது. இது என் முழங்காலின் கோரிக்கை. திசைக்கல்லுக்கு அடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

1988இல் தேசிய பூங்காவாகி, 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் ஒரு பகுதியான இடத்தில் ஒரு கல்லை நடுவதற்கும் பல அனுமதிகள் வேண்டும் என்பதை அறிவேன். அவசரமில்லை. இடத்தைத் தெரிவுசெய்ய அலுவலர் எவரையாவது அனுப்பினால் கூட நடந்து, கீழே எது எது என்று காட்டித் தருவேன். ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் ஒரு நாளாக இருந்தால் வானம் தெளிவாக இருக்கும். திகதியை அறிவித்தால் போதும், காலை ஆறு மணிக்கு வாசல் திறக்கும்போது அங்கே நிற்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
ஓய்வுபெற்ற ஆசிரியை, பண்டாரவளை.