பிளஸ் டூ பைதான் பாடத்தில் ஸ்கிரீன் போடவும் கற்றுத்தர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வரும் சமயத்தில், எந்தக் கணினி மொழி படித்தால் நல்லது என்று கல்விப் பக்கத்தில் கட்டுரை வந்துவிடுகிறது. பைதான், ஜாவா என்று வரிசை போடுகிறார்கள், சம்பளமும் சொல்கிறார்கள். அந்த மொழியில் எழுதிய புரோகிராமை ஒரு கடைக்காரர் முன்னால் வைத்தால் அவரால் ஓட்ட முடியுமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. குடியாத்தத்தில் லுங்கி மொத்த வியாபாரிகளுக்கும் அரிசி மண்டிகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பவள் நான். எனக்கு அதுதான் முதல் கேள்வி.

நான் தொழிலுக்கு வந்தபோது வேலூர் லாங்கு பஜாரில் நுழைந்தாலும் சரி, ஆம்பூர், ராணிப்பேட்டை போனாலும் சரி, கடைகளில் பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் விஷுவல் பேசிக் 6 என்ற மொழியில் எழுதிய புரோகிராம்தான் ஓடிக்கொண்டிருந்தது. முதல் பதிப்பு 1991-இல் வந்தது, ஆறாவது 1998-இல். கணினிப் பேராசிரியர்கள் அந்த மொழியை அவ்வளவாக மதித்ததில்லை. ஆனாலும் பி.காம். படித்தவர்கள்கூட அதைக் கற்றுக்கொண்டு தொழில் செய்தார்கள். ஃபார்ம் என்ற வெற்றுத் திரையில் ஒரு பட்டனை இழுத்து வைத்து இரண்டு முறை கிளிக் செய்தால், நிரல் எழுத வேண்டிய இடம் திறந்துவிடும். அந்தப் பட்டனும் டெக்ஸ்ட் பாக்ஸும் விண்டோஸ் தன்னிடம் வைத்திருப்பவை, மொழி அவற்றை எடுத்துக் கொடுத்தது. அதனால் நோட்பேடில் பழகிய கை இதிலும் அப்படியே ஓடியது. டேப் அடித்தால் அடுத்த கட்டம், கன்ட்ரோல் சி அடித்தால் காப்பி. கவுண்ட்டரில் உட்காரும் பெண்ணுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1995-இல் போர்லண்ட் கொண்டுவந்த டெல்ஃபியும் இதே வழியில் பாஸ்கல் மொழியைக் கடைவீதிக்குக் கொண்டுவந்தது.

விஷுவல் பேசிக் 6-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008-இல் முடித்துக்கொண்டது. அதில் எழுதிய புரோகிராம்கள் ஓடத் தேவையான கோப்புகளோ விண்டோஸ் 11-இலும் இருக்கின்றன. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது வாட் கட்டத்தை எடுத்துவிட்டு சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. கட்டங்கள் போட்டேன். 2019-இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது ஆம்பூர், வாணியம்பாடி கடைகளின் பில்லில் திருப்பத்தூர் மாவட்டம் என்று மாற்றிக் கொடுத்தேன். எல்லாம் அந்தப் பழைய புரோகிராம்களில்தான்.

ஸ்கிரீன் போட, அதாவது பட்டன், கட்டம் எல்லாம் வைக்க, வழியில்லாத மொழி பிழைக்காது என்று நான் சொல்லவில்லை. கூகுளின் கோ மொழியோடு வரும் நூலகத்தில் (தயாராக எழுதி வைத்த நிரல்களின் தொகுப்பில்) பட்டன் வைக்க எதுவுமே கிடையாது. ஆனாலும் சர்வர்களில் புரோகிராம்களை ஓட்ட உதவும் டாக்கர், குபெர்னெட்டிஸ் எல்லாம் அதில்தான் எழுதப்பட்டவை. ஜாவாவில் ஸ்கிரீன் போடும் நூலகமான ஸ்விங் 1998-இல் வந்தது. பட்டன், மெனு எல்லாவற்றையும் அது தானே வரைந்துகொண்டது. பக்கத்தில் இருக்கும் விண்டோஸ் புரோகிராமோடு ஒட்டாமல் தெரிந்தது, மெதுவாகவும் இருந்தது. கணினியில் ஏற்கெனவே இருக்கும் பட்டனையே பயன்படுத்துவோம் என்று ஐ.பி.எம். எஸ்.டபிள்யூ.டி. என்ற நூலகத்தை உருவாக்கி, நிரல் எழுத உதவும் எக்லிப்ஸ் என்ற மென்பொருளில் வைத்தது. ஜாவா கடைசியில் சர்வரிலும் ஆண்ட்ராய்டிலும் பெரிதாக வளர்ந்தது, கடைக் கவுண்ட்டரில் அல்ல. மறுபக்கம் டார்ட் மொழியைப் பாருங்கள். 2011-இல் கூகுள் அறிவித்தபோது சீந்துவாரில்லை. 2018 கடைசியில் அந்த மொழியில் ஆப் செய்ய உதவும் ஃப்ளட்டரின் முதல் முழுப் பதிப்பு வந்த பிறகுதான் அதைத் தேடிப் படித்தார்கள். 1980-களில் பிறந்த ஆப்ஜெக்டிவ் சி மொழிக்கும், 2008-இல் ஐபோனில் மற்றவர்களும் ஆப் போடலாம் என்று ஆப்பிள் வழிவிட்டதும்தான் மவுசு வந்தது. சாதாரண ஜனங்கள் கையில் எடுக்கும் பொருளைச் செய்ய முடிகிற மொழியைத் தேடி ஜனங்களும் வருகிறார்கள்.

நமக்கு இதில் இன்னொரு காரணமும் உண்டு. தமிழ் எழுத்து. 'கோவிந்தன்' என்று ஒரு வாடிக்கையாளர் பெயர் இருந்தால், முதல் எழுத்தின் குறிகள் ககரத்துக்கு இரண்டு பக்கமும் நிற்க வேண்டும். விண்டோஸின் டெக்ஸ்ட் பாக்ஸுக்கு இந்த வேலை தெரியும். எல்லாவற்றையும் தானே வரைந்துகொள்ளும் நூலகம் இதையும் தானே செய்தாக வேண்டும். ஆங்கிலத்தில் அழகாகத் தெரியும் சில புது நூலகங்களில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று எழுத்து சிதறிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். தன் பெயர் அப்படி அச்சான பில்லை யார் வாங்குவார்கள்? வெப் பக்கம் போல ஸ்கிரீன் போட உதவும் எலக்ட்ரானில் தமிழ் ஒழுங்காகவே வரும், உள்ளே குரோமியம் பிரவுசர் இருப்பதால். ஆனால் ஒவ்வொரு புரோகிராமும் ஒரு முழு பிரவுசரைச் சுமந்து வருகிறது. 4 ஜி.பி. மெமரி உள்ள பழைய மண்டிக் கணினியில் டேலியையும் திறந்து வைத்துக்கொண்டு அதை ஓட்டுவது பெரும் அவஸ்தை.

சரி, பாடப்புத்தகத்துக்கு வருகிறேன். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பில் சி++, பன்னிரண்டாம் வகுப்பில் பைதான். நல்ல தேர்வு. பைதானில் லிஸ்ட், கிளாஸ், சி.எஸ்.வி. கோப்பு, எஸ்.க்யூ.எல்., வரைபடம் போடுவது வரை இருக்கிறது. ஒரு பட்டன் வைக்க மட்டும் பாடம் இல்லை. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு என்னிடம் வேலை பழக வரும் பிள்ளைகள் டேட்டாபேஸிலிருந்து கணக்கை எடுத்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கை லுங்கிக் கடை வைத்திருக்கும் சொந்த மாமாவிடம் காட்ட வேண்டுமென்றால் கறுப்புத் திரையில்தான் காட்ட வேண்டியிருக்கிறது. அவ்வளவு படித்த பிள்ளை அங்கே நின்றுவிடுவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

இதற்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டாம். விண்டோஸில் பைதான் நிறுவும்போதே ஸ்கிரீன் போடும் நூலகமான டிகின்டர் கூடவே வந்துவிடுகிறது. அதிலுள்ள டிடிகே என்ற பகுதி விண்டோஸின் தோற்றத்தையே எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் இன்றும் பலரிடம் இருக்கும், டிகின்டருக்கு அடிப்படையான டிகே 8.6 தமிழ் எழுத்தைச் சரியாகக் கோக்காது. அங்கே டபிள்யூ.எக்ஸ். பைதான் என்ற நூலகத்தை வைத்துக்கொள்ளலாம், அதுவும் இலவசம்தான்.

பன்னிரண்டாம் வகுப்பில் ஒரே ஒரு பாடம் சேர்த்தால் போதும். செய்முறைத் தேர்விலும் ஒரு பில் போடும் ஸ்கிரீன் இருக்கட்டும்: பொருளின் பெயர், விலை, எண்ணிக்கை, மொத்தம் என்று நாலு டெக்ஸ்ட் பாக்ஸ், ஒரு பட்டன், பெயர் தமிழில். பாடநூலை அடுத்து திருத்தும்போது இதைச் சேர்க்குமாறு பள்ளிக் கல்வித் துறையைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.