கால் கிலோவை எடுத்து வைத்தவருக்கு

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் என் தெருக்காரர்களுக்கும், கடை முதலாளிக்கும், ரத்தம் கொடுத்த தம்பிகளுக்கும், பெயர் விட்டுப்போன எல்லோருக்கும் வணக்கம்.

சித்திரையில் என் வயிற்றை அறுத்துத் தைக்கும்படி ஆனதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. பாதிப் பேர் கண்ணால் பார்த்தீர்கள், மீதிப் பேருக்குப் பார்த்தவர்கள் சொல்லியிருப்பார்கள். நடுவில் இரண்டு நாள் எனக்குத்தான் நினைவில் இல்லை. அதை நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். இப்போது தையல் பிரித்தாகிவிட்டது. நேற்று முதல்முறையாகத் தனியாகச் சன்னதித் தெரு முனைவரை நடந்துபோய் ஒரு டீ குடித்தேன். பாதி டீதான், சர்க்கரையும் கம்மி. ஆனால் கடை வாசலில் நின்றுகொண்டு, போகிற வருகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு குடித்த டீ. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது நான் வேண்டிக்கொண்டது ஏறக்குறைய இவ்வளவுதான்.

முப்பது வருஷமாக இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறவன் நான். யாருக்கு எவ்வளவு பாக்கி என்று எழுதி வைக்காவிட்டால் ராத்திரி தூக்கம் வராது. அதனால் முதலில் பெரிய பாக்கிகள். அன்று ராத்திரி கதவை உடைத்த மாடி வீட்டு அண்ணனுக்கு நன்றி. தாழ்ப்பாளை நானே மாற்றிக்கொண்டேன், அதைப் பற்றி இனிமேல் வருத்தப்பட வேண்டாம். 108 வண்டியில் பாண்டி ஆஸ்பத்திரிவரை என் காலைப் பிடித்துக்கொண்டே வந்த டீக்கடைத் தம்பிக்கு நன்றி. கடையில் மூட்டை தூக்குகிற நான்கு பேர் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தார்களாம். அவர்களுக்குக் கூலி போடும்போது ஐந்து ரூபாய் குறைந்தால்கூட இத்தனை வருஷம் நான்தான் விடாமல் பிடித்திருக்கிறேன். அதற்கும் சேர்த்து நன்றி. முதலாளி சம்பளத்தைப் பிடிக்கவில்லை. மாடி வீட்டு அண்ணி தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள், காஸ் சிலிண்டரை வாங்கி வைத்தார்கள், வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுப் பத்து நாள் அனுப்பினார்கள். இதையெல்லாம் ஒரே பத்தியில் அடக்குவது நியாயமில்லைதான். நேரில் வந்து ஒவ்வொருவரிடமும் சொல்வேன். ஏணிப்படி ஏற டாக்டர் இன்னும் விடவில்லை, அதனால் மாடி வீடு மட்டும் கடைசியில்.

மீதி மடல் முழுக்க ஒருவருக்கு, நம் மீன்கார அக்காவுக்கு. அவருக்குப் படிக்கத் தெரியாது. யாராவது படித்துக் காட்டினால் சரி.

அதற்கு முன்னால் ஒண்டிக்கட்டையின் பாட்டைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்கிறவர்களுக்கு ஒவ்வொரு வருஷமும் ஒரு பதில் வைத்திருந்தேன், இப்போது பதில்கள் தீர்ந்துபோய்க் கேட்கிறவர்களும் குறைந்துவிட்டார்கள். பாவம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு ஒரு குறையும் கிடையாது என்று சொன்னால் பொய், ஆனால் பாதிக் குறைகள் பார்க்கிறவர்கள் கண்ணில்தான் இருக்கின்றன. காலையில் முதல் டவுன் பஸ் கெடிலம் பாலத்தில் ஏறும் சத்தம் கேட்டுத்தான் எழுந்திருப்பேன். ரேடியோவைப் போட்டுவிட்டுத் துணி துவைப்பேன். சனிக்கிழமை சாயங்காலம் தேவனாம்பட்டினம் போய் மணலில் உட்கார்ந்து ஒரு பொட்டலம் சுண்டல், இருட்டியதும் திரும்ப வந்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு. அதைவிட, திங்கட்கிழமை மீன் குழம்பு. ராத்திரி முழுக்கச் சட்டியில் ஊறி, புளியும் காரமும் மீனுக்குள் இறங்கி, காலையில் பழைய சோற்றோடு. கல்யாணம் ஆனவர்கள் வீட்டில் குழம்பு திங்கட்கிழமைவரை தங்குவதில்லை என்று கேள்வி. அந்த வகையில் நான் கொடுத்துவைத்தவன்.

ஆனால் ஊரில் எல்லாச் சாமானும் குடும்பத்துக்கென்றே கட்டி வைத்திருக்கிறது. ஒரு ஆளுக்குக் கீரை வாங்கினால் பாதிக் கட்டு அழுகும். கால் மூடித் தேங்காய் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். ஆஸ்பத்திரியில் அந்தச் சிரிப்பும் இருக்காது, கேள்வி மட்டும்தான். கூட யார் இருக்காங்க? கையெழுத்துப் போட யார்? பெஞ்சாதி பேர்? மூன்றாம் நாள் ஒரு சிஸ்டர் பொறுமை இழந்து, "யாருமே இல்லாம எப்படிங்க அட்மிட் ஆனீங்க?" என்று கேட்டார். தப்பாகக் கேட்கவில்லை, அவருக்குப் படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பியாக வேண்டும். முதலாளி வந்து நிரப்பினார். உறவுமுறை என்ற இடத்தில் என்ன எழுதினீர்கள் என்று இதுவரை நான் கேட்கவில்லை.

நம் தெருவுக்கு ஞாயிறு எட்டு மணிக்கு மேல் அலுமினிய அன்னக்கூடையோடு வருகிற மீன்கார அக்காவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். தேவனாம்பட்டினத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து முனையில் இறங்குவார். 2011 டிசம்பரில் தானே புயல் என் பழைய வீட்டு ஓட்டைக் கொண்டுபோன பிறகு, அடுத்த வருஷம் இந்தக் கீழ்வீட்டுக்கு வந்தேன். அன்றிலிருந்து அவரிடம்தான் மீன். கால் கிலோ. சங்கராவோ, காரப்பொடியோ, நெத்திலியோ, எது இருக்கிறதோ அது. முதல் நாள் கால் கிலோ என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டபோது அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அருவாமனையைக் காலால் அழுத்திக்கொண்டு, சாம்பலைத் தொட்டுத் தொட்டு, கால் கிலோவையும் ஒரு கிலோவுக்குக் காட்டுகிற அதே அக்கறையோடு ஆய்ந்து கொடுத்தார். சுனாமியில் வீடு போனதைக்கூட வஞ்சிரம் விலை சொல்வது மாதிரிதான் சொல்வார். அதிகம் பேச்சில்லை. நான் படுப்பதற்கு முந்தின ஞாயிறு என்னிடம் ஐந்நூறு ரூபாய் நோட்டுதான் இருந்தது, அவரிடம் சில்லறை இல்லை. அறுபது ரூபாய் பாக்கி நின்றுபோயிற்று.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள். ஞாயிறுகூட இல்லை, புதன்கிழமை. மீன்பிடித் தடைக்காலம் வேறு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், முதுநகரில் விசைப்படகெல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கிறது. மீன்கார அம்மாக்கள் பாதிப் பேர் கருவாட்டுக்கு மாறியிருப்பார்கள். மத்தியானம் கண்ணயர்ந்த நேரம் வாசலில் அவர் குரல்.

"இன்னா தம்பி, ஆளே பாதியாயிட்ட."

பாக்கி கேட்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். நியாயம்தானே, தொழில் இல்லாத மாதம். "சட்டை ஆணியில மாட்டியிருக்குக்கா, பாக்கெட்ல இருக்கும், எடுத்துக்குங்க" என்றேன்.

"அட போப்பா, அறுபது ரூபாய்க்கா ஆட்டோ புடிச்சி வந்தேன்" என்று சொல்லி, முந்தானைக்குள்ளிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் தூக்கை எடுத்து வைத்தார். திறந்ததும் பூண்டு வாசனை. சுறாப்புட்டு.

நம் பக்கத்தில் சுறாப்புட்டு யாருக்குச் செய்வார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பால் சுரக்கட்டும் என்று பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் தையல் இழுக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டே, "இது புள்ள பெத்தவளுக்குக் குடுக்கிறதாச்சேக்கா" என்றேன்.

"உனக்கும் வயித்த அறுத்துத்தான தச்சிருக்காங்க? உள்ள இருந்தது புள்ளையா குடலான்னு வயித்துக்கு இன்னா தெரியும். துன்னு."

பெரிய படகு போகாததால் ஃபைபர் படகுக்காரர் ஒருவரிடம் சொல்லிவைத்து, கரையோர வலையில் விழுந்த இரண்டு பால்சுறாக் குட்டியை வாங்கியிருக்கிறார். சுறாத் தோல் எங்கள் கடையில் விற்கிற உப்புத்தாள் மாதிரி இருக்கும். மஞ்சள் போட்டு வேகவைத்து, சூட்டோடு அதை உரித்து, நடுமுள்ளை எடுத்து, தண்ணீர் போகப் பிழிந்து உதிர்க்க வேண்டும். எண்ணெய் தொட்டும் தொடாமலும் வதக்கியிருந்தார். பச்சை மிளகாயே இல்லை, மிளகு மட்டும். பூண்டு முழுசு முழுசாக, நசுங்குகிற பதத்தில். ஒரு ஆள் இரண்டு வேளை சாப்பிடுகிற அளவு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அளவு தெரிந்த கை.

உள்ளே வாங்க என்றதற்கு, படுக்கை இருக்கிற இடத்தில் மீன் வாடை ஆகாது என்று நிலைப்படியிலேயே உட்கார்ந்துகொண்டார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்:

"ரெண்டு வாரம் உன் கால் கிலோவை எடுத்து வச்சிட்டு உக்காந்திருந்தேன். கடைசியில வெயில் ஏறிப்போச்சி, பாதி விலைக்குத் தள்ளினேன். மூணாம் வாரம்தான் டீக்கடையில கேட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். நான் பாண்டியில் குழாயும் பையுமாகக் கிடந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும், இங்கே இந்தத் தெருவில், ஒரு அன்னக்கூடையின் ஓரத்தில், ஈரச் சாக்குக்கு அடியில் என் கால் கிலோ இருந்திருக்கிறது. அவருக்கு எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், பழக்கதோஷம். அந்த மீன் என்ன மீன் என்று கேட்க வாய் வரவில்லை.

இந்த ஊர்க்காரனுக்கு இன்னொன்றும் தோன்றும். அப்பர் பெருமானுக்குச் சூலை கண்டது இந்தப் பாதிரிப்புலியூரில் சமண மடத்தில் இருந்தபோதுதான். வயிறு சுருட்டிப் பிடித்த வலியோடு அவர் தேடிப்போனது திருவதிகையில் இருந்த அக்கா திலகவதியாரை. கல்லைக் கட்டிக் கடலில் தள்ளிய பிறகு அவர் கரை சேர்ந்த இடம் என்று கரையேறவிட்டகுப்பத்தைக் காட்டுகிறோம். கல்லையே தோணியாக்கியவருக்கும் வயிற்று வலிக்கு அக்கா வேண்டியிருந்தது. எனக்குக் கூடப்பிறந்த அக்கா கிடையாது. கொஞ்ச தூரம் தள்ளி வடலூரில் வள்ளலார் 1867-ல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிறது. பசித்தவன் யார் எவர் என்று கேட்காத அடுப்பு. அந்தப் பக்கத்தில் சுறாவைச் சேர்த்துப் பேசுவதற்கு அவர் என்னை மன்னிக்க வேண்டும்.

கிளம்பும்போது அக்கா ஆணியில் இருந்த சட்டையைக் காட்டி, "அறுபது ரூபா எடுத்துக்கிறேன்" என்றார். "புட்டுக்கும் சேர்த்து எடுத்துக்குங்கக்கா" என்றேன். முறைத்தார். "அது வேற கணக்கு, இது வேற கணக்கு." மூன்று இருபது ரூபாய்த் தாளை எண்ணி என் கண் முன்னால் காட்டிவிட்டு இடுப்புச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு போனார். இவ்வளவு சுத்தமாக ஒரு பேரேட்டை யாரும் முடித்து நான் பார்த்ததில்லை.

இந்த மடலை எழுத உட்கார்ந்தபோதுதான் அவர் பெயர் எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை. போன ஞாயிறு கருவாடு கொண்டுவந்தபோது கேட்டேன். "அக்கான்னே எழுது, பேரு எதுக்கு, ரேஷன் கார்டா?" என்றார். எழுதிவிட்டேன்.

இனி தெருவில் யார் வீட்டில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினாலும், அதுவும் தனி ஆளாகத் திரும்பினால், நான் போய் நிலைப்படியில் உட்காருவதாக இருக்கிறேன். என்ன எடுத்துக்கொண்டு போவேன் என்று தெரியவில்லை. எனக்கு ரசம் ஒழுங்காக வரும், மற்றதெல்லாம் எனக்கு நானே சாப்பிடுகிற லட்சணம்தான்.

தூக்கு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, கழுவி அலமாரியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். வெறும் தூக்கைத் திருப்பிக் கொடுப்பது முறையில்லை. மீன் குழம்பு வைத்துக் கொடுக்கலாம் என்றால், கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாகிவிடும். கடைக்குப் பண்ருட்டியிலிருந்து வருகிற லாரிக்காரரிடம் ஒரு பலாப்பழம் சொல்லியிருக்கிறேன். சீசன்தான், நல்ல பழமாக வரும். அரிவதற்கு மாடி வீட்டு அண்ணி கை கொடுத்தால் சுளையாக நிரப்பிக் கொடுத்துவிடுவேன். அண்ணி, இது இந்த மடலில் நான் வைக்கிற ஒரே புதுக் கடன்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜூன் 15-க்கு மேல் படகெல்லாம் கடலுக்குப் போய்விடும். அதற்கடுத்த ஞாயிறு அக்காவின் கூடையில் காரப்பொடி இருந்தால் நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஓரத்தில் ஈரச் சாக்குக்கு அடியில் இருப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கிறேன், முனைவரை வந்து சேர நேரமாகும்.